காலேஜ் முடிந்துவிட்டது என்று யார் சொல்வது

என் பெண்ணைத் தவிர எல்லோருக்கும் அவளுடைய காலேஜ் முடிந்துவிட்டது தெரியும். எனக்குத் தெரியும், டீச்சருக்குத் தெரியும், காலேஜ் வாட்ச்மேனுக்குத் தெரியும், கீழ் ஃப்ளாட் மாமாவுக்குக்கூடத் தெரியும். அவள் மட்டும் காலை எட்டு மணிக்குத் தலையைப் பின்னிக்கொண்டு, டிபன் பாக்ஸைப் பையில் வைத்து, ஷூ லேஸைத் தானே கட்டிக்கொண்டு வந்து, "அம்மா, நாழியாயிடுத்து" என்று வாசற்கதவருகே நிற்பாள்.

"இன்னிக்குக் காலேஜ் இல்லைடி. காலேஜ் முடிஞ்சுடுத்து."

"ஏன் முடிஞ்சுடுத்து?"

இதற்கு என்ன பதில் சொல்ல? சாம்பார் தீர்ந்துவிட்டது என்றால் அவளுக்குப் புரியும். பாத்திரத்தை எட்டிப் பார்த்தால் காலியாக இருக்கும். சினிமா முடிந்தது என்றால் விளக்கைப் போட்டுவிடுவார்கள், ஜனங்கள் எழுந்து போவார்கள். காலேஜ் முடிந்தது என்றால்? கட்டடம் அங்கேயே இருக்கிறது. பஸ் போய்க்கொண்டிருக்கிறது. வாட்ச்மேன் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். டீச்சர் அதே ஸ்கூட்டரில் வருகிறாள். எதுதான் முடிந்தது? யோசித்துப் பார்த்தால் நியாயம் அவள் பக்கம்தான். அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

அவளுக்கு இருபத்தாறு வயது. குழந்தையாக இருந்தபோதே, மூளை வளர்ச்சி கொஞ்சம் பின்தங்கும் என்றார் டாக்டர். இந்தக் 'கொஞ்சம்' என்ற வார்த்தையை டாக்டர்கள் எவ்வளவு தாராளமாக அள்ளிவிடுகிறார்கள்! பதினெட்டு வயதுவரை ஒரு சிறப்புப் பள்ளியில் படித்தாள். அதற்குமேல் அங்கே வைத்துக்கொள்ள விதியில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு பல வருடங்கள் வீட்டோடுதான். மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டாவது மாடியில் எங்கள் ஃப்ளாட். அங்கே ஜன்னலும் டிவியும் நானும்தான் அவளுடைய உலகம். அவள் அப்பா போனதும் அந்த வருடங்களில்தான். கல்யாண வீடுகளில் "பொண்ணு என்ன பண்றா?" என்று கேட்பார்கள். "ஆத்துல இருக்கா" என்பேன். அதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள். கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு பாயசத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

அப்போதுதான் அடையாறில் ஒரு ஆர்ட்ஸ் காலேஜில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று இரண்டு வருடச் சான்றிதழ் படிப்பு ஆரம்பித்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். பின்பக்கக் கட்டடத்தில் இரண்டு அறைகள், ஒரு சின்னச் சமையல்கூடம். ஜெராக்ஸ் எடுக்க, ஸ்பைரல் பைண்டிங் போட, காய்கறி நறுக்க, பிஸ்கட் சுட, ட்ரேயில் டீ எடுத்துக்கொண்டு போய் ஸ்டாஃப் ரூமில் சிந்தாமல் வைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். இதைப் போய் காலேஜ் என்பதா என்று கீழ் ஃப்ளாட் மாமா ஒருமுறை இளித்தார். "ஆமாம், உங்க பேரன் போறானே, அவன் ஒரு டம்ளர் டீயைச் சிந்தாம எடுத்துண்டு வருவானா கேளுங்கோ" என்றேன். மனிதர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

டீச்சர் சாந்தோம் பக்கத்துப் பெண். அவர்கள் வீட்டில் அம்மா, சித்தி, அத்தை எல்லோருமே டீச்சர்களாம். குரல் உயராது. ஆனால் கண்டிப்பு என்றால் அப்படி ஒரு கண்டிப்பு. எதைச் சொல்லிக்கொடுத்தாலும் அதைச் சின்னச் சின்னத் துண்டாக உடைப்பாள். டீ கொண்டுபோவதையே கையைக் கழுவு, ட்ரேயைத் துடை, டம்ளரை நடுவில் வை, இரண்டு கையாலும் பிடி, கதவருகே நின்று 'எக்ஸ்க்யூஸ் மீ' சொல் என்று பிரித்து, வரிசை மாறாமல், வார்த்தை மாறாமல், மாதக்கணக்காகச் சொல்லிக்கொடுப்பாள்.

"இவங்களுக்கு ஒண்ணு மனசுல ஏறிடுச்சுன்னா அழியாதும்மா" என்று முதல் நாளே எங்களை உட்காரவைத்துச் சொன்னாள். "அதனால நீங்க நடுவுல எதையும் மாத்தாதீங்க. லீவு போடாதீங்க. காய்ச்சல்னாகூடக் கூட்டிட்டு வந்து முகத்தைக் காட்டிட்டுக் கூட்டிட்டுப் போங்க. தினம் வரணும்ங்கறது பழகணும். அது விட்டுப் போச்சுன்னா மறுபடி முதல்லேர்ந்து."

கோடை லீவுகூட விடவில்லை. காலண்டரில் தேதி கறுப்பாக இருந்தால் காலேஜ், சிவப்பாக இருந்தால் லீவு. இதுதான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த சட்டம். பளிச்சென்று பிடித்துக்கொண்டாள். எழுந்ததும் பல் தேய்க்கும் முன்பே சமையலறைக் காலண்டரைப் போய்ப் பார்ப்பாள். "கறுப்பும்மா!" என்று கத்துவாள். அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

முதல் வருடம் முழுக்க நானும் கூடப் போனேன். அம்மாக்கள் கேட்டுக்கு உள்ளே வரக்கூடாது என்று டீச்சர் உத்தரவு. அதனால் எதிர்ப் பக்கம், மூடிக் கிடந்த ஒரு கடையின் படிக்கட்டில் நாங்கள் உட்கார்ந்திருப்போம். அங்கேதான் நொச்சிக்குப்பத்துக்காரி எனக்குப் பழக்கமானாள். அவள் மகனும் இதே வகுப்பு. விடிகாலையில் மீன் எடுத்து, கடற்கரையோரம் லூப் ரோட்டில் விற்றுவிட்டு, மீதியைத் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டு மகனைக் கூட்டிக்கொண்டு வருவாள். முதல் வாரம் நான் கொஞ்சம் தள்ளித்தான் உட்கார்ந்தேன்.

"இன்னா மாமி, மீன் வாசனையா? குளிச்சிட்டுத்தான் வந்துக்கீறேன். மோந்து பாரு" என்று கையை நீட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அவள் கொண்டுவரும் வேர்க்கடலையை நான் தின்பதும், என் தயிர்சாதத்தை அவள் தின்பதும் வழக்கமாகிவிட்டது.

இரண்டாம் வருடம் பஸ் பாடம். 29சி என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஸ்டாப்பில் நிற்க வேண்டும். வண்டியின் நெற்றியில் அதே எழுத்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். முகத்தில் பிங்க் பெயிண்ட் அடித்த வண்டியில்தான் ஏற வேண்டும். அதில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, சில்லறைத் தொல்லை இல்லை. டிரைவருக்குப் பின்னால் உட்கார வேண்டும். பாலம் வரும், ஆறு தெரியும். ஆறு போனதும் எழுந்துகொள்ள வேண்டும். டீச்சர் அவளோடு பல மாதங்கள் போய் வந்தாள். பிறகு நான் பின் சீட்டில் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்து வந்தேன். கடைசியில் ஒரு நாள் அவளைத் தனியாக ஏற்றிவிட்டு, லஸ் முனையில் நின்று பஸ் போவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "வந்துட்டா" என்று டீச்சர் போன் பண்ணும்வரை அங்கிருந்து நகரவில்லை. அன்றைக்கு அழுத அழுகை அவள் அப்பா போனபோதுகூட நான் அழவில்லை. அப்படி ஒரு சந்தோஷம்.

ஏப்ரலில் பட்டமளிப்பு நடந்தது. கறுப்பு அங்கி, தலையில் தொப்பி, கையில் சுருட்டிய காகிதம், போட்டோ. எல்லோரும் கை தட்டினார்கள். என் பெண்ணுக்கு அது இன்னொரு ஆண்டு விழா. மறுநாள் காலண்டர் கறுப்பு. எட்டு மணிக்குக் கிளம்பி நின்றாள்.

நல்லவேளை, அப்போது டீச்சர் ஒரு வேலை பார்த்து வைத்திருந்தாள். தி. நகரில் ஒரு ஜவுளிக்கடை. டீச்சர் அனுப்பியதால் அதுவும் காலேஜ்தான் என்று நினைத்துப் போனாள். வாடிக்கையாளர் கலைத்துப் போட்ட துணியை மடித்து வைக்கிற வேலை. என் பெண் பிரமாதமாக மடிப்பாள். ஓரத்தோடு ஓரம் சேர்ந்து அளந்து வைத்த மாதிரி இருக்கும். ஆனால் ஒன்றை மடித்து முடித்த பிறகுதான் அடுத்ததைத் தொடுவாள். யார் அவசரப்படுத்தினாலும் முதலில் இருந்து ஆரம்பிப்பாள். அந்தக் கடையில் ஒரு கும்பல் வந்தால் நூறு சுரிதாரைக் கலைத்துவிட்டுப் போகும். ஒரு மாதம் பொறுத்தார்கள். பிறகு, "நாங்களே கூப்பிடறோம்மா" என்றார் மேனேஜர். கூப்பிடுகிற ஆள் அப்படிச் சொல்வானா? எனக்கு உலகம் தெரியாதா என்ன?

மறுநாள் காலை நான் குளித்துவிட்டு வெளியே வந்தேன். வாசற்கதவு திறந்து கிடந்தது. அவள் இல்லை. பை இல்லை, ஷூ இல்லை. மாடிப்படியில் தடதடவென்று இறங்கி, குளத்தைச் சுற்றி, லஸ்வரைக்கும் ஈரத் தலையோடு ஓடினேன். பார்த்தவர்கள் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள். அப்போது போன் அடித்தது. வாட்ச்மேன்.

"இன்னாம்மா, உன் பொண்ணு இங்க வந்து கீது. க்ளாஸ்ல போய்க் குந்திக்கினு எந்திரிக்க மாட்டேங்குது. புதுப் பசங்க வேற வந்து கீறாங்க. அந்த நாற்காலி வேற பொண்ணுதுன்னு சொன்னா கேக்கல."

போனேன். அவளுடைய பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த இடத்துக்குரிய புதுப் பெண் மூலையில் நின்று விசும்பிக்கொண்டிருந்தாள். டீச்சர் என்னைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

"இன்னிக்கு இருக்கட்டும்மா. ஆனா நாளைக்கு அனுப்பாதீங்க."

"நானா அனுப்பினேன்? நீங்கதானே பழக்கினேள்? ஒரு நாள்கூட விடக்கூடாதுன்னு சொன்னேள். காய்ச்சலோட தூக்கிண்டு வந்தேனே!"

அவள் வகுப்புப் பக்கம் திரும்பினாள். நான் விடுகிறவளா? வராண்டாவில் நின்று குரலை உயர்த்தினேன். வரச் சொல்லிக்கொடுத்தீர்களே, நிறுத்துவது எப்படி என்று ஏன் சொல்லிக்கொடுக்கவில்லை? எல்லாவற்றையும் துண்டு துண்டாக உடைத்தீர்களே, கடைசித் துண்டு எங்கே போயிற்று? டீச்சரின் கண் கலங்கிவிட்டது. "எங்களுக்குத் தோணலம்மா. இதுதான் முதல் பேட்ச். வேலைக்குப் போயிடுவாங்கன்னே நெனச்சோம்" என்றாள். அவளைத் திட்டி என்ன பயன்? அவளும் என்னைப் போல நம்பியவள்தான்.

அதன் பிறகும் நான் கொஞ்சம் கண் அசந்தால் என் பெண் கிளம்பிவிடுவாள். பிரின்ஸிபால் அழைத்து, மிக மரியாதையாக, காப்பியெல்லாம் கொடுத்து, இது புது மாணவர்களைப் பாதிக்கிறது என்றார். கீழ் ஃப்ளாட் மாமா, "பேசாம வெளியில பூட்டிடுங்கோளேன்" என்றார். "உங்களை வேணா பூட்டட்டுமா?" என்று கேட்டுவிட்டு மேலே ஏறினேன். ஏறி வந்து அரைமணி நேரம் பூட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனசு வரவில்லை.

அப்போதுதான் ஒரு யோசனை தோன்றியது. பெரிய புத்திசாலித்தனம் என்று நினைப்பு! அவள் தூங்கியபின் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவை எடுத்துக்கொண்டு காலண்டர் முன்னால் நின்றேன். அந்த மாதத்துக் கறுப்புத் தேதிக் கட்டங்களையெல்லாம் சிவப்பாக்கினேன். காலையில் அவள் வந்து பார்த்தாள். வெகுநேரம் நின்று பார்த்தாள்.

"எல்லாம் லீவாம்மா?"

"ஆமாம்டி. எல்லாம் லீவு."

முகம் தொங்கிப்போயிற்று. போய்ப் பையை ஆணியில் மாட்டினாள். சட்டம் சட்டம்தானே. எனக்கு நிம்மதிதான்; ஆனாலும் சிவப்புப் பேனாவை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். நாலைந்து நாள் அப்படியே ஓடியது. பிறகு கொத்தமல்லி வாங்க முனைக்கடைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தக் காலண்டரே அந்தக் கடையில் கொடுத்ததுதான். அதே காலண்டர் அங்கே கல்லாவுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அது நினைவில்லை, பாருங்கள்.

"இங்க கறுப்பா இருக்கே" என்றாள்.

கடைக்காரர் ஒன்றும் புரியாமல் சிரித்தார். அவள் என்னைப் பார்த்தாள். "நீ கலர் அடிச்சியாம்மா?" கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சும்மா, தெரிந்துகொள்ளக் கேட்டாள். என் பெண் என்னைச் சந்தேகப்பட்ட முதல் தடவை அதுதான். கொத்தமல்லியை வாங்காமலேயே திரும்பிவிட்டேன்.

அந்த வாரம் லூப் ரோட்டுக்குப் போனேன். நொச்சிக்குப்பத்துக்காரியைப் பார்த்து ஒரு பாட்டம் புலம்ப வேண்டும்போல் இருந்தது. அவள் மகன் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட பெட்டி மேல் உட்கார்ந்து, ஐஸை உடைத்து மீன்மேல் போட்டுக்கொண்டிருந்தான். எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், வயிற்றெரிச்சலாகவே இருந்தது. அவனுக்குக் காலையில் எழுந்தால் போக ஓர் இடம் இருக்கிறதே!

"மூக்க மூடிக்கினு பேசாத மாமி, இன்னா சொல்றேன்னே புரியல" என்றாள் அவள். புடவைத் தலைப்பை எடுத்துவிட்டுச் சொன்னேன். கேட்டுவிட்டு மகனைப் பார்த்தாள்.

"இவன் இங்க குந்திக்கினு இருக்கான்னு பாக்குறியா? வர்றவன் போறவன் எல்லாம் இவன வெச்சி காமெடி பண்றானுங்க. நேத்து ஒருத்தன் இவன் சட்டைக்குள்ள நண்டு வுட்டுட்டான். நான் திட்டினா, சும்மா விளையாட்டுக்குங்கிறான். நான் கண்ண மூடிட்டேன்னா இவன் கதி இன்னா? என் தங்கச்சி நாலு நாள் சோறு போடுவா. அப்பால?" கத்தியை எடுத்துச் செதிலைத் தேய்க்க ஆரம்பித்தாள். "அங்க காலேஜ்ல இவன் பேர் சொல்லிக் கூப்டாங்க மாமி. இங்க எவனும் பேர் சொல்றதில்ல."

அவன் எனக்கு ஒரு ஐஸ் துண்டைக் கொடுத்தான். கையில் வைத்துக்கொண்டு வீடுவரை நடந்தேன்.

டீச்சர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வீட்டுக்கு வந்தாள். மனசில் ஏறின வழியை அழிக்க முடியாது, அதன் மேல் வேறு வழியைத்தான் பழக்க வேண்டும் என்றாள். "வேற ஒரு இடத்துக்குத் தினம் கூட்டிட்டுப் போங்கம்மா. அதே நேரம், அதே பை. கொஞ்ச நாள்ல மாறிடும்."

"எங்கேன்னு சொல்லுங்கோ. நாளைக்கே கூட்டிண்டு போறேன்."

அவளுக்குத் தெரியவில்லை. பகல்நேரக் காப்பகம் ஒன்று கொட்டிவாக்கத்தில் இருப்பதாகச் சொன்னாள். விசாரித்தேன். அங்கே இடமில்லை. கே.கே. நகரில் இன்னொன்று. அங்கே சின்னப் பிள்ளைகளை மட்டும்தான் சேர்த்துக்கொள்வார்களாம்.

போகட்டும் என்று, ஒரு திங்கட்கிழமை நானே அவளோடு கிளம்பினேன். அதே எட்டு மணி, அதே 29சி. ஆறு போனதும் எழுந்தாள். கையைப் பிடித்து உட்காரவைத்தேன். "அம்மா, ஸ்டாப்பு!" என்றாள். விடவில்லை. "அம்மா, ஸ்டாப்பு! ஸ்டாப்பு!" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். என் கையைக் கடித்தாள். கண்டக்டர் விசில் ஊதி வண்டியை நிறுத்தி, "யாரும்மா நீ? அந்தப் பொண்ணை எங்க கூட்டிக்கினு போறே?" என்று என்னையே அதட்டினார். நான் பெற்றவள் என்பதைப் பஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்ல வேண்டியிருந்தது. பெசன்ட் நகர் கடைசி ஸ்டாப்பில் இறங்கினோம். அங்கே ஒரு பெஞ்ச் இருந்தது. உட்கார்ந்தோம். மூக்கைச் சிந்திக்கொண்டே டிபனைச் சாப்பிட்டாள். மத்தியானம் திரும்பினோம்.

மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாளும். வரவரக் கத்துவது முனகலானது. பிறகு ஆறு தாண்டும்போது எழுந்து நிற்பாள், என்னைப் பார்ப்பாள், உட்கார்ந்துகொள்வாள். பிறகு எழுவதும் நின்றது. பெஞ்ச்சைத் தன் கைக்குட்டையால் துடைக்க ஆரம்பித்தாள். ஸ்டாப்பை ஒட்டிய டீக்கடையில் கேட்டு, டிரைவர்களுக்கு டீயை இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். "எக்ஸ்க்யூஸ் மீ" என்பாள். அவர்கள் சிரிப்பார்கள். ஆனால் வாங்கிக்கொள்வார்கள். அந்தக் கண்டக்டர்கூட இப்போது, "இன்னா பாப்பா, சாப்டியா?" என்பார்.

சென்ற வாரம் சாப்பிட்டு முடித்து டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "அடையாறு காலேஜ் முடிஞ்சுடுத்தும்மா" என்றாள். ஏதோ எனக்குத்தான் தெரியாது என்பதுபோலச் சொன்னாள். நான் டிபன் பாக்ஸை வாங்கிப் பையில் வைத்தேன்.

"இந்தக் காலேஜ் எப்போம்மா முடியும்?"

நான் இருக்கும்வரை என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"முடியாதுடி."

"முடியவே முடியாதா?"

"முடியவே முடியாது."

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கை தட்டினாள். எழுந்து ஓடிப்போய், டீ குடித்துக்கொண்டிருந்த கண்டக்டரிடம், "எங்க காலேஜ் முடியவே முடியாதாம்!" என்று சொன்னாள். அவர் ஒன்றும் புரியாமல், "சூப்பரு" என்றார். எனக்கு அறுபத்துமூன்று வயதாகிறது. வண்டி கிளம்பப் போவதாக விசில் அடித்தார்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அவள் கையைப் பற்றிக்கொண்டு ஏறினேன்.